கொழும்புக்குப் போகாத கோச்சி

1902 மார்ச் 11 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது. 21 மைல் தூரம், அவ்வளவுதான். அந்தக் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறிக் கொழும்புக்குப் போக முடியாது. வன்னிக் காட்டுக்குள் தண்டவாளம் இன்னும் போடப்படவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் பாதை பளை வரை நீண்டது. கொழும்பிலிருந்து முதல் வண்டி யாழ்ப்பாணம் வந்தது 1905 ஆகஸ்ட் 1 அன்றுதான். வந்து சேர 13 மணி 20 நிமிடம் பிடித்தது. அதுவரை மூன்று ஆண்டுக்கு மேலாகக் குடாநாட்டு ரயில் குடாநாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. வடபாதையின் கதையைக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து தொடங்குகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

அந்த ஊர்ப் பாதையின் சாயல் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இன்றும் தெரியும். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. ஒருவர் வெற்றிலை மடித்துப் போடுவதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். சுன்னாகத்தில் இறங்கினால் சந்தை, மல்லாகத்தில் நீதிமன்றம், மாவிட்டபுரத்தில் கந்தசுவாமி கோயில். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடப் போகிறவர்களுக்கும் இதுவே வழி. காங்கேசன்துறையில் துறைமுகத்தோடு பின்னாளில் சீமெந்து ஆலையும் சேர்ந்துகொண்டது.

1956 ஏப்ரல் 23 அன்று கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே யாழ்தேவி விரைவு ரயில் ஓடத் தொடங்கியதும் கதை பெரிதாகிவிட்டது. கொழும்புக் கந்தோர்களில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் லீவுக்கு வருவதும், திரும்பும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பனாட்டும் ஒடியலும் கட்டிக்கொண்டு போவதும் அந்த வண்டியில்தான். பெயரும் புகழும் யாழ்தேவிக்கே போயின. சின்ன ஸ்டேஷன்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

பிறகு உள்நாட்டுப் போர். 1985 ஜனவரி 19 அன்று முறிகண்டியில் யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூன் 13-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ரயிலே இல்லை. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஸ்டேஷன் கட்டடங்களில் இடம்பெயர்ந்தோர் குடியிருந்தார்கள். காங்கேசன்துறை ஸ்டேஷனோ உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது.

இந்தியக் கடனுதவியோடு இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. முன்பு கடலோரத்தில் பிறந்து தெற்கு நோக்கி வளர்ந்த பாதை, இம்முறை தெற்கிலிருந்து வந்து கடைசியாகத்தான் கடலைத் தொட்டது.

யாழ்ப்பாணத்துக்கு வடக்கே தண்டவாளம் காங்கேசன்துறை வீதியிலிருந்து அதிக தூரம் விலகுவதில்லை. அதனால் வீதியிலிருந்து பிரிகிற பல ஒழுங்கைகள் அதைக் கடந்தே ஊருக்குள் போகின்றன. இடையில் ஒரு தலைமுறை கோச்சியைக் காணாமலே வளர்ந்துவிட்டது. பாதுகாப்பற்ற கடவைகளில் நடந்த விபத்துகள் ரயில் திரும்பிய பிறகு அடிக்கடி செய்தியாயின. கேற் போடுங்கள் என்பது அப்பகுதி ஊர்களின் கோரிக்கையாயிற்று.