மேசைக் கணினியின் துயில்நிலைக் கோளாறுகள்: யாழ்ப்பாணக் குடாநாட்டு மின்சூழலில்

துயில்நிலை என்பது மேசைக் கணினி தன் உறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் செல்லும் மின்னை நிறுத்திவிட்டு, முதன்மை நினைவகத்தை மட்டும் விழிப்பாக வைத்திருக்கும் நிலை. பேச்சில் இதைச் 'சிலீப்' என்பர். மொனிற்றர் இருளும், விசிறி நிற்கும், வன்தட்டின் சுழற்சி ஓயும். திறந்திருந்த ஆவணங்கள் நினைவகச் சில்லுகளில் அப்படியே இருக்கும். விசைப்பலகையைத் தட்டினால் சில விநாடிகளில் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்குச் சில வாற்று மின் போதும். ஆனால் அது இடையறாமல் வரவேண்டும். மடிகணினியில் அதைப் பற்றரி பார்த்துக்கொள்கிறது. மேசைக் கணினிக்கோ சுவரிலுள்ள பிளக்கைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே அடிக்கடி கறண்ட் நின்று வரும் குடாநாட்டில், துயில்நிலைக் கோளாறு எதுவானாலும் மென்பொருளைச் சந்தேகிக்குமுன் மின்வழங்கலை ஆராய்வதே சரியான வரிசை.

நிலைகளும் அவற்றின் மின்தேவையும்

1992இல் இன்ரெலும் மைக்ரோசொஃப்டும் வகுத்த பழைய முறையில் மின்சிக்கன முடிவுகளைத் தாய்ப்பலகையின் தொடக்க மென்பொருளான பயோஸ் எடுத்தது. 1996 டிசம்பரில் இன்ரெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ நியமம் அந்த அதிகாரத்தைப் பணிசெயல் முறைமையிடம் ஒப்படைத்தது. இன்றும் நடப்பிலிருப்பது அதுவே. கணினி இயங்கும் நிலை எஸ்0, முற்றாக அணைந்த நிலை எஸ்5. இடையிலுள்ளவற்றில் பாவனையாளருக்கு முக்கியமானவை இரண்டு. நினைவகத்துக்கு மின் கொடுத்தபடி தூங்குவது எஸ்3. நினைவகத்தின் உள்ளடக்கம் முழுவதையும் வன்தட்டில் எழுதிவிட்டு அணைவது எஸ்4. 'ஹைபர்னேற்' எனப்படுவது இதுதான். எஸ்3இல் பிளக்கைக் கழற்றினால் சேமிக்காத வேலை போய்விடும். எஸ்4இல் கழற்றினால் ஒன்றும் ஆகாது.

இரண்டையும் இணைக்கும் மூன்றாவது ஏற்பாடு கலப்புத் துயில். விண்டோஸ் விஸ்ரா முதல் மேசைக் கணினிகளுக்கென்றே வந்தது இது. தூங்கப்போகுமுன் நினைவகத்தின் பிரதியொன்றை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டு எஸ்3க்குள் போகும். மின் நிற்காவிட்டால் விரைவாக எழும். நின்றுவிட்டால் வன்தட்டிலிருந்து மீளும். மின்தடை மிகுந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு மேசைக் கணினியில் வேறில்லை.

துயிலின்போது நினைவகத்துக்கு மின் தருவது மின்வழங்கியின் காத்திருப்புச் சுற்று. 1995இல் இன்ரெல் அறிமுகப்படுத்திய ஏரிஎக்ஸ் அமைப்பில், பிளக் செருகப்பட்டிருக்கும் வரை இந்தச் சுற்று ஊதா நிற வயரில் 5 வோல்ற் தந்துகொண்டே இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் இது ஓய்வதில்லை. ஆகவே மின்வழங்கியின் மற்றப் பகுதிகளைவிட இதன் கொள்ளளவிகள் அதிக மணிநேரம் உழைத்து முன்னதாகவே தேய்கின்றன.

குடாநாட்டின் மின்வழங்கல்

இலங்கையின் வீட்டு மின் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். போர்க்காலத்தில் தேசிய மின்வலையிலிருந்து அறுந்த குடாநாடு, சுன்னாகத்தின் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தது. நீண்ட காலம் பல பகுதிகளில் மின்சாரமே இருக்கவில்லை. போர் முடிந்தபின் கிளிநொச்சி – சுன்னாகம் 132 கிலோவோல்ற் வழியால் மீண்டும் தேசிய வலையோடு இணைந்தது. இணைந்ததால் வழங்கல் சீரானது. அதேவேளை தெற்கில் நேரும் முறிவும் இங்கே இருளாக வந்து சேர்கிறது. 2020 ஆகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டியவில் ஏற்பட்ட கோளாறும், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றால் நேர்ந்த பழுதும் நாடு முழுவதையும் இருளாக்கின. எரிபொருள் நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற தீவுகள் தேசிய வலைக்கு வெளியே தமக்கெனச் சிறு மின்நிலையங்களைக் கொண்டுள்ளன.

எல்லா மின்தடையும் துயிலைக் கலைப்பதில்லை. 50 ஹேர்ட்ஸ் மின்னில் ஓர் அலைச்சுற்று 20 மில்லிவிநாடி. முழுச்சுமையில் இயங்கும் ஏரிஎக்ஸ் மின்வழங்கி மின் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ ஒரு சுற்றளவு நேரமே. தூங்கும் கணினி இழுப்பதோ சில வாற்று. அதனால் மின்வழங்கியின் பெரிய கொள்ளளவியில் சேர்ந்திருக்கும் சக்தி ஓரிரு விநாடிகூடத் தாங்கக்கூடும். மின்விளக்கு ஒருமுறை சிமிட்டும்போது இயங்கும் கணினி மீளத் தொடங்கிவிட, பக்கத்தில் தூங்கிய கணினி சேதமின்றி இருப்பதன் காரணம் இதுவே. நிமிடக் கணக்கில் நீளும் தடைதான் துயிலைக் கொல்கிறது.

காலையில் வேலை காணாமற்போவது

இரவு தூங்கவைத்த கணினி காலையில் முற்றாக அணைந்திருப்பது, அல்லது புதிதாகத் தொடங்கி வெறுந்திரை காட்டுவது, இங்கே மிகப் பரவலான முறைப்பாடு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால் காரணம் தெளிவாகும். துயிலுக்குள் சென்றதைக் கேர்னல்-பவர் 42ஆம் இலக்க நிகழ்வு காட்டும். முறையாக எழுந்திருந்தால் பவர்-ட்ரபிள்ஷூற்றர் என்ற பெயரில் 1ஆம் இலக்க நிகழ்வு இருக்கும். அது தூங்கிய நேரம், எழுந்த நேரம், எழுப்பியது எது என மூன்றையும் சொல்லும். 42க்குப் பின் அது இல்லாமல் கேர்னல்-பவர் 41 வந்திருந்தால், கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றிருக்கிறது. அந்த இரவில் அயலிலும் கறண்ட் போயிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அயலில் மின் இருந்தும் இப்படி நேர்ந்தால் பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். சதுர முனைச் சுவர்ப்பொருத்திக்கும் வட்ட முனைப் பிளக்குக்கும் இடையே செருகப்படும் தளர்ந்த இணைப்பிகள் அடிக்கடி தொடுப்பிழக்கின்றன. அதன்பின் வருவது காத்திருப்புச் சுற்று. பல்மானியால் ஊதா வயரை அளந்தால் 4.75 முதல் 5.25 வோல்ற் வரை இருக்கவேண்டும். இதற்குக் கீழே விழுந்தால், அல்லது கைபேசியை யூஎஸ்பி வழியே மின்னேற்றும்போது மட்டும் விழுந்தால், மின்வழங்கியை மாற்றுவதே வழி. சில நிறுவனக் கணினிகளின் மின்வழங்கிகள் 12 வோல்ற் மட்டுமே தருவதால் அவற்றில் இந்த அளவு பொருந்தாது. மின்வழங்கியின் பெட்டியைத் திறந்து பழுதுபார்ப்பது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டியது. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிராபத்தான வோல்ற்றளவு தங்கியிருக்கும்.

வேலை காணாமற்போவதைத் தடுக்கும் கலப்புத் துயில் இயல்பாகவே இயங்கும்படிதான் வருகிறது. ஆயினும் பல கணினிகளில் அது இல்லாமற்போவதன் காரணம், இடம் மிச்சம்பிடிக்கும் முயற்சி. 120 கிகாபைற் போன்ற சிறிய எஸ்எஸ்டி பொருத்தும்போது, நினைவகப் பிரதிக்கென விண்டோஸ் ஒதுக்கும் பெரிய கோப்பை நீக்குவதற்காக ஹைபர்னேற் வசதியை நிறுத்திவிடுகிறார்கள். அத்தோடு கலப்புத் துயிலும் விரைவுத் தொடக்கமும் சேர்ந்தே போய்விடும். குடாநாட்டில் இந்தச் சிக்கனம் நட்டமானது. பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளைக் கருவியால் ஹைபர்னேற்றை மீள இயக்கியபின், மின் தெரிவுகளில் கலப்புத் துயிலையும் இயக்கவேண்டும். எஸ்3க்குப் பதிலாகப் புதிய வகைத் துயிலைப் பயன்படுத்தும் சில கணினிகளில் கலப்புத் துயில் கிடையாது. அவற்றைக் குறித்த நேரத்தின்பின் தானாக ஹைபர்னேற்றுக்குள் போகும்படி அமைக்கலாம்.

யூபிஎஸ் தரும் சிக்கல்கள்

மின் நின்றால் பற்றரியிலிருந்து மின் தரும் யூபிஎஸ் இருந்தால் துயில் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை முழுதும் சரியன்று. மலிவான யூபிஎஸ் சிலவற்றில், பற்றரியில் ஓடும்போது சுமை மிகக் குறைந்தால் தானே அணையும் வசதி உண்டு. தூங்கும் கணினியின் சில வாற்றை அது வெறுஞ்சுமையாகக் கணக்கிட்டு மின்னை நிறுத்திவிடும். இயங்கும் கணினியைக் காக்கும் அதே யூபிஎஸ், தூங்கும் கணினியைக் கைவிடுகிறது. அடுத்தது, பற்றரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் யூஎஸ்பி வழியே அனுப்பும் அறிவிப்பைத் தூங்கும் கணினி பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டு ஹைபர்னேற் ஆவதற்கு அது விழித்திருக்கவேண்டும். படிவடிவ அலை தரும் யூபிஎஸ்சும், திறன்காரணித் திருத்தம் கொண்ட புதிய மின்வழங்கியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் மின்மாறும் கணத்திலேயே கணினி அணைவதும் உண்டு. அப்படியானால் சைன் அலை தரும் யூபிஎஸ் வேண்டும்.

ஈய-அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குக் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆண்டின் பெரும்பகுதி 30 பாகையைத் தொடும் யாழ்ப்பாணத்தில், ஓட்டுக் கூரையின் கீழ் வைத்த யூபிஎஸ் விளம்பரத்தில் சொன்ன காலம் உழைக்காது.

தானாக எழுவது

தூங்கும் கணினி தானாக எழுந்தால், எழுப்பியது எது என்பதைப் பவர்சிஎஃப்ஜி கருவியின் 'லாஸ்ற்வேக்' கட்டளை சொல்லும். பளபளப்பான மேசையில் வைத்த ஒளியியல் மவுஸ் அசையாமலே அசைவைப் பதிவுசெய்வதுண்டு. சாதன மேலாளரில் அது கணினியை எழுப்புவதற்கான அனுமதியை நீக்கலாம். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு அதிகாலை 2 மணிக்கென அமைந்திருக்கும். எழுப்பும் நேரக்குறிகளை நிறுத்தினால் அது அடங்கும். லினக்ஸில் எந்தச் சாதனம் எழுப்பலாம் என்பதை ஏசிபிஐ பட்டியல் கோப்பில் பார்த்து மாற்றலாம்.

இங்குள்ள வீடுகளில் கவனிக்கவேண்டிய காரணம் வலையமைப்பு அட்டை. கணினி யூபிஎஸ்சிலும் ரவுட்டர் நேரடியாகச் சுவர் மின்னிலும் இருந்தால், மின் நின்று வரும்போது ரவுட்டர் அணைந்து எழும். இணைப்பின் இந்த மாற்றத்தையே சில அட்டைகள் எழுப்பும் குறியாக எடுத்துக்கொள்கின்றன. அட்டையின் அமைப்பில் அதற்கென அனுப்பப்படும் சிறப்புப் பொதிக்கு மட்டும் எழும்படி செய்யவேண்டும்.

கறண்ட் வந்ததும் கணினி தானாக இயங்கத் தொடங்குவது வேறு விடயம். அது பயோஸில் மின்மீட்சிக்கான அமைப்பு. 'கடைசி நிலை' எனத் தெரிவுசெய்திருந்தால், சில தாய்ப்பலகைகள் துயிலையும் இயங்கும் நிலையாகவே கணக்கெடுத்துக் கணினியைத் தொடங்கிவிடும். மின் வந்து மீண்டும் போகும் வேளைகளில் இது வன்தட்டுக்குக் கேடு. இந்த அமைப்பை 'அணைந்தே இரு' என வைப்பது நல்லது. தாய்ப்பலகையின் 3 வோல்ற் நாணயப் பற்றரி தீர்ந்திருந்தால் இந்தத் தெரிவும் ஒவ்வொரு நீண்ட மின்தடையிலும் அழிந்துவிடும். பிளக்கில் மின் இருக்கும்வரை கடிகாரத்துக்குக் காத்திருப்புச் சுற்றே மின் தருவதால், தீர்ந்த பற்றரி மின்தடையின் பின்னரே வெளிப்படுகிறது. திகதி பழைய ஆண்டைக் காட்டுவது அதன் அடையாளம்.

எழ மறுப்பது

விசிறி சுழன்றும் திரை இருண்டே இருந்தால் 'கப்ஸ் லொக்' விசையை அழுத்திப் பார்க்கவேண்டும். அதன் விளக்கு மாறினால் பணிசெயல் முறைமை விழித்திருக்கிறது. சிக்கல் வரைவியல் அட்டையின் இயக்கியிலோ மொனிற்றரிலோ உள்ளது. விண்டோஸ், கொன்ற்ரோல், ஷிஃப்ற், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்தினால் வரைவியல் இயக்கி மீளத் தொடங்கும். மொனிற்றரைத் தனியே அணைத்துப் போட்டும் பார்க்கலாம். விளக்கு மாறாவிட்டால் பிழை இன்னும் கீழே, நினைவகத்திலோ பயோஸிலோ இருக்கும். நினைவகத்தின் மிகைவேகத் தெரிவை நீக்குவதும், பயோஸைப் புதுப்பிப்பதும் அடுத்த படிகள். புதுப்பிக்கும் இடையில் மின் நின்றால் தாய்ப்பலகையே பயனற்றுப்போகலாம். ஆகையால் அதை யூபிஎஸ் இல்லாமல் செய்யக்கூடாது.

தூங்க மறுப்பது

இது எளிய சிக்கல். பவர்சிஎஃப்ஜியின் 'றிக்குவெஸ்ற்ஸ்' கட்டளை, தூக்கத்தைத் தடுத்துவைத்திருக்கும் நிரலைப் பெயரோடு காட்டும். பெரும்பாலும் அது ஒலி இயக்கியாகவோ, வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்பாகவோ, திறந்தபடி விட்ட காணொளியாகவோ இருக்கும். துயில் என்ற தெரிவே மறைந்திருந்தால், வரைவியல் அட்டைக்கு உரிய இயக்கி நிறுவப்படவில்லை என்பதே பொதுவான காரணம். விண்டோஸின் அடிப்படைத் திரை இயக்கி எஸ்3ஐ ஆதரிப்பதில்லை. லினக்ஸில் எந்தச் சாதனம் எழுப்பலாம் என்பதை ஏசிபிஐ பட்டியல் கோப்பில் பார்த்து மாற்றலாம்.

இடிமின்னல் காலம்

சித்திரை வெயிலை அடுத்து வரும் மாலை இடியும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகீழ்ப் பருவமழையும் வீட்டு மின்வழியில் உயர் வோல்ற்றளவுப் பாய்ச்சலைக் கொண்டுவரக்கூடியவை. தூங்கும் கணினியின் காத்திருப்புச் சுற்று நேரடியாக மின்வழியோடு இணைந்திருப்பதால் அந்தப் பாய்ச்சல் அதை முதலில் தாக்கும். சுவர்ச் சுவிச்சை அணைப்பது மட்டும் போதிய காப்பன்று. இடி கேட்கும் நாள்களில் கணினியை ஹைபர்னேற் செய்து, மின் பிளக்கோடு வலையமைப்பு வயரையும் கழற்றிவிட வேண்டும்.