அரக்கும் மழலையும்: தென்னிந்தியக் கடைசல் பொம்மைகளும் தீங்கின்மை என்னும் கருத்தும்

விளையாட்டுப் பொருள்களின் தரத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையொன்றை இந்திய அரசு 2020ஆம் ஆண்டு பிறப்பித்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகள் இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் முத்திரை பெற்றே விற்கப்படவேண்டும் என்னும் அவ்வாணை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நடைமுறைக்கு வருமுன்னரே, 2020 டிசம்பரில், அதற்கு ஒரு திருத்தமும் வெளியாயிற்று. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அவ்வாணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

இவ்விலக்கு பல சிறு பட்டறைகளைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆய்வுக்கூடக் கட்டணத்தைத் தாங்கும் நிலையில் கடைசல்காரர் பலர் இல்லை. எனினும் விலக்கின் அடியில், சொல்லாமல் சொல்லப்படும் ஒரு வரலாற்றுக் கூற்று உண்டு. மரபுவழிப்பட்ட பொருள் குழந்தைக்குத் தீங்கு செய்யாது என்பதே அது. கைக்குழந்தை எதையும் கண்ணால் அறிவதற்கு முன் வாயால் அறிகிறது. ஆகவே இக்கூற்றின் மெய்ம்மை பிறர் எவரையும்விடக் கைக்குழந்தைக்கே உயிர்நிலையானது. தென்னிந்திய அரக்குக் கடைசல் பொம்மைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கூற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தச்சன் குழந்தைக்குப் பொம்மை செய்யும் வழக்கம் தமிழில் மிகப் பழைய சான்றுடையது. மண் பொம்மைகள் அகழாய்வில் கிடைக்கின்றன, மரமோ மட்கிவிடுகிறது. ஆதலின் மரப்பொம்மைக்கு இலக்கியமே முதற்சான்று. குறுந்தொகையின் 61ஆம் பாடல் தச்சன் செய்த சிறு வண்டியை ஏறிச் செலுத்த இயலாத சிறுவர் கையால் இழுத்து மகிழ்வதை உவமையாக்குகிறது. பெரும்பாணாற்றுப்படையோ இன்னும் நுட்பமானது. தச்சர் வீட்டுச் சிறாரும் விரும்பும்படி செய்த சிறு தேரை உருட்டிக் களைத்த, நடை பயிலும் குழந்தை செவிலியிடம் பாலுண்டு உறங்குவதாக அது காட்டுகிறது. அதே புலவராகிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் இத்தேருக்கு மூன்று கால்கள் இருந்தமை தெரிகிறது. இன்றும் நம் ஊர்களில் விற்கும் நடைவண்டிக்குச் சக்கரம் மூன்றே. பிள்ளைத்தமிழில் சிறுதேர் ஒரு பருவமாகவே நிலைபெற்றதையும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணவேண்டும்.

ஆனால் இச்சான்றுகள் அனைத்தும் உருட்டும், இழுக்கும் பொம்மைகளைப் பற்றியன. அதாவது நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு உரியன. அதற்கு முந்திய பருவத்தின் பொருள்களாகிய கிலுகிலுப்பை, கைக்குள் அடங்கும் மணி, கடிக்கத்தக்க வளையம் ஆகியவற்றை இலக்கியத்தில் அவ்வளவு எளிதாகக் காண இயலவில்லை. இவற்றின் வரலாற்றைப் பட்டறைத் தொழில்முறையிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

ஈண்டு ஒரு பாகுபாடு இன்றியமையாதது. பொம்மை (தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ, கொம்பெ) என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று பார்ப்பதற்கு உரியது. மற்றொன்று பிடித்துக் கடிப்பதற்கு உரியது. ஆந்திரத்தின் கொண்டபல்லிப் பொம்மைகள் முதல் வகையின. இலேசான பொணிகி மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் சேர்த்து ஒட்டி, தூரிகையால் வண்ணம் தீட்டப்படும் இவை கொலுப்படிக்கு அழகு. கைக்குழந்தையின் கையில் தரத்தக்கன அல்ல. ஒட்டிய உறுப்பு கழலும். தீட்டிய வண்ணம் எச்சிலில் ஊறும். கர்நாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா, தமிழகத்தின் அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களின் கடைசல் பொம்மைகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. (சென்னபட்டணம் என்பது பெங்களூர்–மைசூர்ச் சாலையில் உள்ள ஊர், சென்னை நகரின் பழம்பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) மரப்பாச்சி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதனைச் செம்மரத்தில் செய்ததும், உரைத்துப் பூசும் மருந்தாகவும் அம்மரம் பயன்பட்டதும், குழந்தை அதனை வாயில் வைத்தாலும் நன்றே என்னும் நம்பிக்கைக்கு இடந்தந்தன.

சென்னபட்டணத்தாரும் ஏட்டிகொப்பாக்காவினரும் மரபாகக் கடையும் மரம் ஒன்றே என்பது பலரும் கவனியாத செய்தி. கன்னடத்தில் ஹாலெ என்றும் தெலுங்கில் அங்குடு என்றும் வழங்கும் அது நம் வெட்பாலையே. மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாதல் அறிந்ததாதலின், ஹாலெ என்பது பாலை என்பதன் திரிபெனக் கொள்ளத் தடையில்லை. பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் இதுவே என்பாரும் உளர். வெண்மையும் நெருங்கிய இழையும் கொண்ட இம்மரம் கடைசலில் வழுவழுப்பாக இறங்கும். சிலாம்பு எழுவது குறைவு. இதன் இலையிலிருந்து நீலச்சாயம் எடுக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியவர் வில்லியம் ராக்சுபர்க்கு. அவர் அப்போது பணியாற்றிய சாமர்லகோட்டை ஏட்டிகொப்பாக்காவிற்கு நெடுந்தொலைவில் இல்லை. சித்த மருத்துவர் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைக்கும்போது எண்ணெய் ஊதா நிறம் கொள்வதைக் கண்டவர்க்கு ராக்சுபர்க்கின் செய்தி வியப்பளிக்காது.

இனி அரக்குக்கு வருவோம். வெட்டிய மரம் சில மாதங்கள் உலர்த்தப்படுகிறது. ஈரமிருப்பின் கடைந்தபின் வெடிக்கும். உலர்ந்த துண்டைப் பட்டறையில் பூட்டிச் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுத்து, உப்புத்தாளால் தேய்க்கின்றனர். முன்பு கயிற்றை ஒருவர் மாறிமாறி இழுக்க, மற்றவர் உளி பிடித்தார். இப்போது மின்விசை சுழற்றுகிறது. பின்னர் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகின்றனர். ஏறத்தாழ 75 பாகை செல்சியசு அளவில் இளகும் அரக்கு, உராய்வின் சூட்டிலேயே உருகி மரத்தின் நுண்துளைகளில் இறங்குகிறது. இறுதியில் தாழை மடலை அழுத்திப் பிடிக்க, அரக்கு எங்கும் சமமாகப் பரவி மெருகு ஏறுகிறது. இம்முறையில் தூரிகை இல்லை, எண்ணெய் இல்லை, காயவேண்டிய மெருகெண்ணெய் இல்லை. அரக்கு நீரில் கரையாது. சாராயத்திலும் காரத்திலுமே கரையும். எச்சிலில் நனையும் பொருளுக்கு இதனினும் ஏற்ற பூச்சு அக்காலத்தில் வேறொன்று இருந்திருக்க இயலாது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாக இன்றும் தூய அரக்கு பயன்படுவது இதனை உறுதிப்படுத்தும்.

இத்தொழில் சென்னபட்டணத்திற்கு வந்தது எப்போது? திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞரை வரவழைத்தார் என்பது வழக்கில் உள்ள வரலாறு. விற்பனைச் சிற்றேடுகளும் சுற்றுலா நூல்களும் இதனையே ஐயமின்றி எழுதுகின்றன. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், அவ்வூர் வழிச் சென்ற பிரான்சிசு புக்கானன் சிறப்பித்துப் பேசுவது இசைக்கருவிகளுக்கான எஃகுக் கம்பியை. அரக்குக் கடைசல் இந்தியாவின் பல பகுதிகளில் பரவலாக இருந்த தொழிலாதலின், அதற்கு ஓர் அரசனின் அழைப்பைத் தோற்றக் கதையாகக் கொள்ளவேண்டிய தேவை இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இக்கதை தொழிலுக்கு மதிப்புத் தருகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது.

அரக்கு தீங்கற்றது, வெட்பாலை தீங்கற்றது. எஞ்சுவது நிறம். விலக்காணையின் அடிப்படைக் கூற்று தளர்வது இவ்விடத்திலேதான். மரபு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் மஞ்சளையும் அவுரியையும் நினைக்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் வட இந்திய அரக்குக் கடைசலைப் பதிவுசெய்த ஆங்கிலேய அலுவலர்களின் குறிப்புகளோ வேறு பட்டியலைத் தருகின்றன. மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கு அவுரி, கருமைக்குப் புகைக்கரி. அரிதாரம் பாடாணத்தின் கந்தகச் சேர்மம்; சாதிலிங்கம் பாதரசத்தின் கந்தகச் சேர்மம். இவை கடைத்தெருவில் எளிதாகக் கிடைத்த, நெருப்புச் சூட்டைத் தாங்கிய, வெயிலில் மங்காத நிறமிகள். இவற்றைக் கையாண்ட தொழிலாளர் தீயவர் அல்லர். அவர்கள் அறிந்த அளவில் நல்ல நிறமென்பது மங்காத நிறமே. பின்னர் ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் ஈயக் குரோமேட்டு மஞ்சளும் செயற்கைச் சாயங்களும் வந்தபோது, நஞ்சற்ற மரபொன்றை நச்சு நாகரிகம் அழித்தது என்று சொல்வதற்கில்லை. பழைய நிறமிகளின் இடத்தில் மலிவான புதிய நிறமிகள் அமர்ந்தன. மஞ்சளும் அவுரியும் இருந்த இடங்களிலும் அமர்ந்தன.

குழந்தைக்கும் ஈயத்துக்கும் உள்ள உறவை மருத்துவம் அறிந்ததே பிந்தித்தான். ஆசுதிரேலியாவின் பிரிசுபேன் நகரில் குழந்தைகளுக்கு நேர்ந்த ஈய நச்சு வீட்டுத் தாழ்வாரங்களின் வண்ணப்பூச்சிலிருந்து வந்தது என்பதை லாக்கார்ட்டு கிப்சன் என்னும் மருத்துவர் 1904இல் எடுத்துக்காட்டினார். 1921ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தியது. எனினும் அது வண்ணம் பூசும் தொழிலாளரைக் கருதியது, பூசியதைச் சுவைக்கும் குழந்தையை அன்று. அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களிலும் பொம்மைகளிலும் ஈயத்திற்குத் தடை வந்தது 1978இல். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தை பத்து இலட்சத்தில் 90 பங்காகக் குறைத்த விதிகள் 2016இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறை பெற்றன. ஆகவே தீங்கற்ற பொம்மை என்னும் கருத்தாக்கமே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயதினது. அதனை முன்னோர்மேல் ஏற்றிச் சொல்வது காலமுரணாகும்.

மரம் என்பது மட்டும் காப்பாகாது என்பதை 2007 உலகுக்கு உணர்த்தியது. சீனத்தில் செய்து அமெரிக்காவில் விற்ற மர இரயில் பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் இருந்தமையால் ஏறத்தாழ 15 இலட்சம் பொம்மைகள் அவ்வாண்டு சூன் மாதத்தில் திரும்பப் பெறப்பட்டன.

இப்பின்னணியில்தான் வராக ஆற்றங்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்காவின் முயற்சி பொருள்படுகிறது. சி. வி. ராஜு என்பவர் அவ்வூர்க் கைவினைஞருடன் சேர்ந்து தாவரச் சாயங்களை அரக்குக் கடைசலுக்குக் கொணர்ந்தார்; 2023இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. இதனை மரபை மீட்டெடுத்தல் என்று எழுதுவது வழக்கம். புத்தாக்கம் என்பதே பொருத்தமாகும் எனத் தோன்றுகிறது. துணிக்குச் சாயமேற்றும் முறை அரக்குக்குப் பொருந்தாது; நீரில் கரைந்த சாயம் அரக்கோடு கலவாது. நீரை வற்றவைத்துப் பொடியாக்கி, சூட்டில் இளகிய அரக்கோடு பிசைந்து இழுத்துச் சேர்க்கவேண்டும். மஞ்சள், சாப்பிர விதை, அவுரி, மஞ்சிட்டி, காசுக்கட்டி என ஒவ்வொன்றும் சூட்டைத் தாங்கும் திறனில் வேறுபடும். மஞ்சள் வெயிலில் விரைவில் வெளிறும். கடையில் அடுக்கிய பொம்மை மூன்று மாதத்தில் வெளிறினால் வாங்குவோர் அதனைப் பழையது என்று ஒதுக்குவர். அரிதாரத்தின் பக்கம் ஒரு காலத்தில் கைவினைஞரைத் தள்ளியதும் இந்த ஒதுக்கலே ஆகலாம்.

நிறம் தீர்ந்தாலும் அளவு எஞ்சுகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதும் அடங்கும் உறுப்பு இருத்தலாகாது என்பது இன்றைய அளவுகோல். இவ்வளவுகோலால் பார்த்தால் அம்பாசமுத்திரத்துச் சொப்பும் ஏட்டிகொப்பாக்காவின் லக்கபிடதலும் (நம் சொப்பின் தெலுங்கு உடன்பிறப்பு) கைக்குழந்தைக்கு ஆகா. குமிழ் அளவே உள்ள அவற்றின் மூடிகள் தொண்டையில் அடைக்கத்தக்கன. மரபு இவற்றைக் கைக்குழந்தைக்கு என்று செய்யவுமில்லை. சமைத்து விளையாடும் வயதுக் குழந்தைக்கே செய்தது. பரிசுப் பெட்டியில் எல்லாவற்றையும் கலந்து, பிறந்த குழந்தைக்கு என்று விற்கும் இக்காலக் கடைதான் இவ்வேறுபாட்டை மறந்தது. ஒரே கட்டையில் கடைந்த, பிரியும் உறுப்பற்ற கிலுகிலுப்பை இச்சோதனையில் எளிதாகத் தேறும். பழைய கடைசல்காரரின் வடிவறிவு அவருடைய நிறவறிவைவிட நம்பகமானதாக இருந்தது என்று இதனைக் கொண்டு கூறலாம்.

புவிசார் குறியீடு சென்னபட்டணப் பொம்மைகளுக்கு 2005-06இலும் ஏட்டிகொப்பாக்காப் பொம்மைகளுக்கு 2017இலும் கிடைத்தது. இக்குறியீடு ஒரு பொருள் எங்கே, எம்முறையில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று. ஒரே ஊரில், அடுத்தடுத்த பட்டறைகளில், ஒன்றில் சாப்பிர விதையும் மற்றொன்றில் கடைவண்ணமும் அரக்கில் சேரக்கூடும். இரண்டும் ஊர்ப்பெயர் ஒன்றையே தாங்கும். விலக்கை நீக்கவேண்டும் என்று இக்கட்டுரை கூறவரவில்லை. நீக்கினால் முதலில் மூடப்படுவன தாவரச் சாயப் பட்டறைகளாகவே இருக்கும், அவையே சிறியவை. வேண்டுவது, அரக்குக் குச்சியில் கலந்த நிறமி எது என்பதைப் பட்டறையே எழுதித் தருவதும், குச்சிகளை ஊர்தோறும் தொகுத்து அரசு தன் செலவில் சோதிப்பதும். ஒரு குச்சி நூற்றுக்கணக்கான கிலுகிலுப்பைகளுக்கு வரும். பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிடக் குச்சியைச் சோதிப்பது எளிது.