வருத்தம் வருமுன் பார்ப்பது: நமது நாட்டில் அது வந்த வழி

நமது ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மௌத் செய்தி வந்ததும் முதலில் எழும் பேச்சு, "நேற்று இஷாவுக்கும் பள்ளியில் நின்றாரே, ஒரு வருத்தமும் இல்லையே" என்பதுதான். வயது நாற்பத்தைந்து, ஐம்பதுதான் இருக்கும். பிறகு விசாரித்தால், நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த இரவில்தான் அவருக்கு முதன்முதலாக பிரஷரும் சீனியும் அளந்திருப்பார்கள். இன்று இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நிகழ்பவை. இவற்றில் பல, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்புக்குள் இருந்துவிட்டு ஒரு நாளில் வெளியே வருபவை.

இத்தனைக்கும் நமது நாட்டில் இவற்றை முன்கூட்டியே பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. காசு கேட்பதும் இல்லை. அப்படியிருந்தும் நாம், அதிலும் ஆண்கள், ஏன் போவதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, வருமுன் பார்க்கும் பழக்கம் இந்த நாட்டுக்குள் எப்படி வந்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆரோக்கியமாகத் தெரியும் மனிதர்களை வரிசையில் நிறுத்திச் சோதிப்பது இலங்கையில் ஆங்கிலேயர் காலத்தில் பரவியது. அது அந்த மனிதர்களின் நன்மைக்காக மட்டும் தொடங்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, வாந்திபேதி, அம்மை, பிளேக் இருக்கிறதா என்று பார்த்தே கப்பலேற்றினார்கள். 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை ஆரம்பமானது. தொழிலாளர்களின் மலத்தைச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். இரத்தச் சோகை பிடித்த தொழிலாளியால் கொழுந்து பறிக்க முடியாது என்பது தோட்டத் துரைமாருக்கும் விளங்கியிருந்தது. இப்படி, சோதனை என்றால் மேலிருந்து வருவது, பிடித்து வைத்துச் செய்வது என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே மக்கள் மனதில் விழுந்துவிட்டது.

இந்த எண்ணத்தை மாற்றியது 1926ஆம் ஆண்டு. அந்த வருடம் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட பிரதேசம், அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மருத்துவிச்சிகள். நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை காத்திராமல், வீடு வீடாகப் போய் நோயைத் தடுப்பதே இவர்களின் வேலை. இன்று நாம் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்லும் அலுவலகம், பி.எச்.ஐ. மாத்தயா, மிட்வைப் மிஸ் எல்லோரும் அந்தக் களுத்துறைத் திட்டத்தின் வழிவந்தவர்கள்தாம்.

அதன் பலன் என்ன? 1930களில் நமது நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 30, 40 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பாடசாலைகள், வீதிகள், மருந்துகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் கர்ப்பம் என்று தெரிந்ததும் பெயரைப் பதிந்து, நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, சிறுநீர் சோதித்து, ஒரு காட்டில் எழுதிக் கொடுத்த மிட்வைப்பின் பங்கு அதில் பெரியது. கர்ப்பிணிக்கு பிரஷர் ஏறுவதை வலிப்பு வருமுன் கண்டுபிடித்தால் இரண்டு உயிர் தப்பும். வருமுன் பார்ப்பது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

யானைக்கால் நோயைப் பாருங்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வரும். ஆகவே சுகாதார ஊழியர்கள் இரவில் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கரையோர ஊர்களின் மூத்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 2016இல் இலங்கையில் யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதே வருடம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றும் கிடைத்தது. மலேரியாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. முடிந்துவிட்டது என்று கண்காணிப்பு தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகள் இலட்சக்கணக்கில் பெருகினார்கள். பார்ப்பதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு நமது நாட்டுச் சரித்திரமே சாட்சி.

ஆக, தாய்க்கும் பிள்ளைக்கும் தொற்றுநோய்க்கும் இந்த ஏற்பாடு வீட்டு வாசல்வரை வந்தது. பெரியவர்களின் இதயம், இரத்தக் குழாய், புற்றுநோய் எல்லாம் எப்போது இந்தக் கணக்கில் சேர்ந்தன?

அதற்குக் கருவியும் அறிவும் முதலில் வர வேண்டியிருந்தது. கையில் பட்டி கட்டி, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு பிரஷர் அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905இல் அறிவித்தார். ஆனாலும் வயது போனால் பிரஷர் கூடுவது இயல்புதான் என்று பல டொக்டர்மாரே நீண்ட காலம் எண்ணினார்கள். 1945இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கடுமையாக ஏறிய பிரஷரோடு மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். நாட்டின் ஜனாதிபதிக்கே அன்று சரியான மருந்து இருக்கவில்லை. 1948இல் அமெரிக்காவின் பிரெமிங்ஹாம் என்ற சிறு நகரத்தில், 30 முதல் 62 வயது வரையான 5,209 பேரைத் தொடர்ந்து வருடக்கணக்கில் சோதிக்கும் ஆய்வு ஆரம்பமானது. கூடிய பிரஷர், கூடிய கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியவை மாரடைப்புக்கு முன்னால் வரும் அறிகுறிகள் என்பது அங்கிருந்துதான் உலகத்துக்கு உறுதியானது.

பெண்களின் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில், கிரேக்கத்தில் பிறந்து நியூயோர்க்கில் வேலை செய்த பாபனிகொலாவ் என்ற மருத்துவர் 1940களில் ஒரு வழி காட்டினார். அந்த இடத்திலிருந்து சில கலங்களை மெதுவாக எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தால், புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மாற்றம் தெரியும். அவருடைய பெயரைச் சுருக்கித்தான் பாப் சோதனை என்கிறோம்.

இவையெல்லாம் நமது வாசலுக்கும் வந்தன. 1996இல் இலங்கையில் வெல் வுமன் கிளினிக் ஆரம்பிக்கப்பட்டது. 35 வயதடைந்த பெண்களுக்கு பிரஷர், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் அங்கே பார்க்கப்படும். 2011இல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் வந்தன. முதலில் 40 முதல் 65 வயதினருக்கு என்றிருந்தது, பின்னர் 35 வயதிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனது. நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் சாத்தியம் எவ்வளவு என்று ஒரு அட்டவணையில் கணித்துச் சொல்வார்கள். 2017இலிருந்து ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியும் பாடசாலையிலேயே போடப்படுகிறது.

இந்த நிலையங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். ஆண்கள் மிகக் குறைவு. நாடு முழுவதிலும் இதே கதைதான். காரணத்தை நாம் மேலே சொன்ன வரலாற்றிலேயே காணலாம். பெண்களுக்கு மிட்வைப்போடு முதல் பிள்ளையிலிருந்தே பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடும் உறவு அது. ஆணுக்கு அப்படி ஒருவரும் வீடு தேடி வந்ததில்லை. நமது ஆண்கள் பலருக்குத் தெரிந்த ஒரே சோதனை, வளைகுடாவுக்குப் போகும்போது எடுக்கும் மெடிக்கல். அது பாஸா பெயிலா என்று பார்ப்பது. உம்முடைய பத்து வருடத்துக்குப் பிந்திய இதயத்தைப் பற்றி அந்த மெடிக்கலுக்குக் கவலையில்லை. மண்டபம் முகாமின் பேரப்பிள்ளை அது. சோதனை என்றாலே எதையாவது கண்டுபிடித்து நம்மை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அங்கிருந்தே வருகிறது. ஊர் கிளினிக்கில் எவரையும் பெயில் ஆக்குவதில்லை என்பதை நாம் வீட்டில் சொல்ல வேண்டும்.

சரி, எந்த வயதில் எதைப் பார்ப்பது?

கல்யாணத்துக்கு முன்: தலசீமியா. குருநாகல் போன்ற மாவட்டங்களில் இது கூடுதலாக இருக்கிறது. ஒருவர் மட்டும் காவியாக இருந்தால் வருத்தம் இல்லை, தெரியவும் மாட்டாது. இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். மச்சான் மச்சி முறையில் சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்களில் இந்தச் சாத்தியம் இன்னும் கூடும். சவூதி அரேபியாவில் 2004இலிருந்து கல்யாணப் பதிவுக்கு முன் இந்தச் சோதனை கட்டாயம். சம்பந்தம் பேசும்போது நகை, வீடு பற்றிக் கேட்கும் நாம் இதையும் கேட்டால் குறைவில்லை.

இருபதுகளில்: பெண்கள் மாதம் ஒருமுறை மார்பகத்தைத் தாங்களே தடவிப் பார்த்துப் பழக வேண்டும். வெற்றிலை, பாக்கு போடுபவர்கள் எந்த வயதிலும் கண்ணாடியில் வாயைப் பார்க்க வேண்டும். வெள்ளை, சிவப்புத் தழும்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் உடனே காட்ட வேண்டும். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய்.

35இல்: ஆணும் பெண்ணும் மேலே சொன்ன நிலையத்துக்குப் போக வேண்டும். பெண்களுக்கு கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையும் இந்த வயதில்தான், பிறகு 45இல். வெட்கம் ஒரு காரணமென்றால், பெண் ஊழியர் இருக்கும் நாளை மிட்வைப்பிடம் கேட்டறிந்து போகலாம்.

சீனி வருத்தம் இருப்பவர்கள் எந்த வயதிலும் வருடம் ஒருமுறை கண்ணின் உட்பகுதியையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். அறுபது தாண்டினால் கண், காது, விழுந்துவிடும் பயம் ஆகியவற்றையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1968இல் வெளியிட்ட ஒரு நூலில் வில்சன், யுங்னர் என்ற இருவர், எந்த நோயை வருமுன் தேடலாம் என்பதற்குப் பத்து விதிகளை எழுதினார்கள். நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், ஆரம்பத்தில் கண்டால் சிகிச்சை இருக்க வேண்டும், சோதனை மக்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. தனியார் நிலையங்கள் தள்ளுபடி விலையில் விற்கும் முழு உடல் சோதனைப் பொதியில் உள்ள எல்லாமே இந்த விதிகளுக்கு அடங்குபவை அல்ல. தேவையில்லாத ரிப்போர்ட் ஒன்று தேவையில்லாத பயத்தையும் செலவையும் கொண்டுவரும். இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சில சோதனைகளே போதுமானளவு பயனுள்ளவை.

காலையில் வெறும் வயிற்றில் போக வேண்டும் என்பார்கள். முப்பது நோன்பு பிடித்துப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் சின்ன வயதிலேயே படித்த பாடம்.

இந்த நிலையத்து ஊழியர்கள் வேலைத்தலங்களுக்கும் பொது இடங்களுக்கும் வந்து சோதிப்பதும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் எம்.ஓ.எச். ஒபிஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தால், மீன்பிடிக்குப் போவோர், வயலுக்குப் போவோர், கடைக்காரர் எல்லோருக்கும் வசதியான ஒரு நாளை ஒழுங்கு செய்யக் கேட்கலாம். நூறு வருடத்துக்கு முன் மிட்வைப் நமது பெண்களின் வாசலுக்கு வந்தார். ஆண்களின் வாசல் எது என்றால், ஐந்து நேரமும் அவர்கள் கூடும் பள்ளிவாசல்தான். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். வீட்டில் 35 தாண்டிய வாப்பா, நானா, மச்சான் இருந்தால், இதை வாசித்துக் காட்டி, எந்த நாளில் போவது என்று இன்றைக்கே கேளுங்கள்.