‘126 ப்ரூஃப்’ பர்பன் விஸ்கி: நாக்கு எதைக் கண்டுபிடிக்கும்? எதைக் கண்டுபிடிக்காது?

அமெரிக்காவில் இருந்து ஊருக்கு வருபவர் கொண்டுவரும் பாட்டிலில் ‘126 ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருக்கும். கூடவே ‘ஸ்மால் பேட்ச் பர்பன்’ என்று இருக்கும். 126 என்றால் 126 சதவீத ஆல்கஹாலா? காட்டம் கூடினால் சரக்கும் தரமானதா? குடித்துப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிட முடியுமா?

கடலூர் மாவட்டத்துக்கு இந்தக் கடைசிக் கேள்வி வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் பண்ருட்டி பகுதியில் 2001 நவம்பரில் விஷச்சாராயம் 50-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். இறந்தவர்களும் குடித்துப் பார்த்தவர்கள்தான். அவர்கள் நாக்கு அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. ஏன்?

பாட்டிலில் இருக்கும் எண்ணில் இருந்தே தொடங்கலாம்.

பர்பன் என்றால் என்ன?

பர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. எந்த மாநிலத்திலும் தயாரிக்கலாம். ஆனால் பெரும்பகுதி வருவது கென்டக்கியில் இருந்து. இதற்குச் சட்டமே இருக்கிறது.

- தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். மீதி பெரும்பாலும் ரை அல்லது கோதுமை, பார்லி.
- காய்ச்சி எடுக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
- உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். பீப்பாய்க்குள் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.
- நிறமோ சுவையோ தனியாகச் சேர்க்கக் கூடாது. பாட்டிலில் குறைந்தது 40 சதவீத ஆல்கஹால் இருக்க வேண்டும்.

நம்ம ஊர் நிலைமை வேறு. இந்தியாவில் விலை குறைந்த விஸ்கி வகைகள் பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகில் (மொலாசஸ்) இருந்து எடுக்கும் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்டவை. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பாகின் வாசனை புதிது இல்லை. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1842-லேயே சர்க்கரை ஆலையைத் தொடங்கிய மாவட்டம் இது.

‘ஸ்மால் பேட்ச்’ என்றால் எவ்வளவு சின்னது?

சட்டத்தில் இதற்கு அளவே இல்லை. சில பீப்பாய்களைக் கலந்தாலும் ஸ்மால் பேட்ச்தான், நூற்றுக்கணக்கில் கலந்தாலும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஜிம் பீம் நிறுவனத்தின் புக்கர் நோ 1980-களின் கடைசியில் ‘புக்கர்ஸ்’ என்ற தண்ணீர் கலக்காத பர்பனைக் கொண்டுவந்த பிறகு இந்தப் பெயர் பிரபலமானது. எனவே ‘ஸ்மால் பேட்ச்’ என்ற சொல்லை மட்டும் நம்பி அதிக விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

அதைவிட நம்பகமான சொல் ‘பாட்டில்டு இன் பாண்ட்’. இது 1897-ல் வந்த அமெரிக்கச் சட்டம். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சியது, குறைந்தது 4 ஆண்டு ஊறியது, சரியாக 50 சதவீத ஆல்கஹால் கொண்டது என்பதற்கு இந்தச் சொல் உத்தரவாதம். அந்தக் காலத்தில் கலப்படச் சரக்கு பெருகியதால்தான் இந்தச் சட்டமே வந்தது.

126 ப்ரூஃப் என்றால் எத்தனை சதவீதம்?

அமெரிக்கக் கணக்கு சுலபம். ப்ரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் சதவீதம். 126 ப்ரூஃப் என்றால் 63 சதவீதம்.

இந்தியக் கணக்கு பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது. வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துப் பற்ற வைப்பார்களாம். எரிந்தால் சரக்கு ‘ப்ரூஃப்’ ஆனது, அதாவது நிரூபணம் ஆனது என்று சொல்வார்கள். பிறகு இது ஹைட்ரோமீட்டர் அளவாக மாறியது. இந்தக் கணக்கில் 100 ப்ரூஃப் என்பது சுமார் 57.15 சதவீதம்.

டாஸ்மாக் பாட்டிலில் 40, 45 என்று முழு எண்ணாக இல்லாமல் 42.8 என்று போட்டிருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். காரணம் இதுதான். பிரிட்டிஷ் கணக்கில் 75 ப்ரூஃபைச் சதவீதமாக மாற்றினால் 42.8 வரும். அதே 75 ப்ரூஃப் அமெரிக்கக் கணக்கில் வெறும் 37.5 சதவீதம். குழப்பம் வேண்டாம் என்றால் ப்ரூஃபை விட்டுவிட்டு, லேபிளில் சதவீதம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஒரு பெக் எவ்வளவு வித்தியாசம்?

42.8 சதவீத விஸ்கியில் 60 மில்லி ஊற்றினால் அதில் ஆல்கஹால் சுமார் 26 மில்லி. 63 சதவீத பர்பனில் அதே 60 மில்லிக்கு சுமார் 38 மில்லி. அதாவது வழக்கமான பெக் அளவிலேயே ஊற்றினால், ஒன்றரை பெக் போகிறது. ‘வழக்கமா ரெண்டுதான் குடிப்பேன்’ என்பவர் தெரியாமலே மூன்று குடித்திருப்பார்.

எப்படிச் சுவைத்து மதிப்பிடுகிறார்கள்?

விஸ்கியை மதிப்பிடுவதைத் தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முறை இதுதான்.

1. ஊற்றுவது: 15 மில்லி போதும். அடி அகலமாக, வாய் குறுகலாக உள்ள கிளாஸ். ஐஸ் கிடையாது. சில நிமிடம் அப்படியே விடுவார்கள்.

2. பார்ப்பது: பர்பனின் நிறம் முழுக்கப் பீப்பாயில் இருந்து வருவது. அதனால் அடர்ந்த நிறம் ஊறலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். நிறம் சேர்க்க அனுமதி உள்ள மற்ற விஸ்கிகளில் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

3. முகர்வது: கிளாஸுக்குள் மூக்கை விடக் கூடாது. தாடைக்குப் பக்கத்தில் வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகர வேண்டும். 63 சதவீதத்தை நேராக முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும், அப்புறம் எந்த வாசனையும் தெரியாது. வெனிலா, கருக்கிய சர்க்கரை, தேங்காய் போன்ற வாசனைகள் ஓக் மரத்தில் இருந்து வருபவை. நெயில் பாலிஷ் வாசனை தூக்கலாக இருந்தால் அது குறை.

4. சுவைப்பது: முதல் சொட்டு நாக்கைப் பழக்க மட்டும். மதிப்பெண் இரண்டாவது வாய்க்குத்தான். நாக்கு முழுக்கப் பரப்பி, பிறகு விழுங்குவார்கள். தொழில்முறையில் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள்.

5. கடைசியில் நிற்கும் சுவை: விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, இனிப்பாக முடிகிறதா, கசப்பாகவா என்று பார்ப்பார்கள்.

தொண்டை எரிந்தால் நல்ல சரக்கா?

இல்லை. சூட்டை உணரும் ஒரு நரம்பு ஏற்பி நம் வாயில் இருக்கிறது. மிளகாய் காரத்துக்கும் இதே ஏற்பிதான் வேலை செய்கிறது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் விழிக்கும் இந்த ஏற்பியை, ஆல்கஹால் சுமார் 34 டிகிரியிலேயே எழுப்பிவிடுகிறது. நம் உடம்புச் சூடே அதைவிட அதிகம். அதனால்தான் சுடாத திரவம் சுடுவது போலத் தெரிகிறது. காட்டம் என்பது ஆல்கஹால் அளவின் அடையாளம், தரத்தின் அடையாளம் இல்லை.

தண்ணீர் சேர்த்தால் கெட்டுப்போகுமா?

‘ராவா அடிச்சாத்தான் உண்மையான டேஸ்ட்’ என்பது தவறான நம்பிக்கை. புகை வாசனை தரும் குவையக்கால் என்ற மூலக்கூறை ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கணினி மாதிரியில் ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது அது திரவத்தின் மேல்பரப்பில் நிற்கிறது, நம் மூக்குக்கு எட்டுகிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் ஆல்கஹால் சூழ்ந்துகொள்ள, உள்ளே போய்விடுகிறது. எனவே 63 சதவீத பர்பனில் தண்ணீர் சேர்ப்பது வாசனையை வெளியே கொண்டுவரும். 30 மில்லிக்கு சுமார் 14 மில்லி தண்ணீர் சேர்த்தால் நம்ம ஊர் 42.8 சதவீத அளவுக்கு வந்துவிடும்.

சரி, நாக்கால் கண்டுபிடிக்க முடியாதது எது?

மெத்தனால். மேலே சொன்ன சுவைக்கும் முறை எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பாட்டில் நாக்குக்கு வரும் முன்பே உள்ளே இருப்பது என்ன என்று யாரோ அளந்து சரிபார்த்துவிட்டார்கள் என்பதே அந்த நம்பிக்கை. கள்ளச்சாராயத்தில் அப்படி அளப்பவர் யாரும் இல்லை.

தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால், பார்க்கவும் முகரவும் ஏறக்குறைய சாதாரண ஆல்கஹால் மாதிரியே இருக்கும். ஊரில் நம்பும் சோதனைகள் எல்லாம் இதனிடம் தோற்றுவிடும்.

- பத்த வச்சுப் பார்ப்பது: மெத்தனாலும் எரியும். எரிவதால் அது நல்ல சரக்கு ஆகிவிடாது.
- குலுக்கி நுரை பார்ப்பது: ஆல்கஹால் அளவைப் பற்றித் தோராயமாகச் சொல்லலாம். எந்த ஆல்கஹால் என்று சொல்லாது.
- ஹைட்ரோமீட்டர்: இது அடர்த்தியைத்தான் அளக்கும். சாதாரண ஆல்கஹாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலுக்கு 0.792. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.
- ஒருவர் குடித்துக் காட்டுவது: மிக ஆபத்தான சோதனை. மெத்தனாலின் பாதிப்பு தெரிய 12 முதல் 24 மணி நேரம் கூட ஆகலாம். முதலில் குடித்தவர் நன்றாக நடமாடும்போதே மற்றவர்களும் குடித்து முடித்திருப்பார்கள்.

ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராஃபி போன்ற பரிசோதனைதான் இதை உறுதியாகப் பிரித்துக் காட்டும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போகிறது. பிழைத்தாலும் பார்வை போகலாம்.

தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், பார்வை மங்குதல், பனி மூட்டம் போல வெள்ளையாகத் தெரிதல் ஆகியவை அறிகுறிகள். முதல் சில அறிகுறிகள் ‘ஹேங் ஓவர்’ போலவே இருப்பதால்தான் பலரும் வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள்.

உடனே செய்ய வேண்டியது என்ன?

- 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். மோர், உப்புத் தண்ணீர், தூக்கம் எதுவும் இதற்கு மருந்து இல்லை.
- என்ன குடித்தது, எப்போது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘கேஸ் ஆகிடும்’ என்ற பயத்தில் போகும் நேரம்தான் உயிரை எடுக்கிறது.
- அதே சரக்கைக் குடித்தவர்கள் எல்லோரும், அறிகுறி இல்லாவிட்டாலும், பரிசோதனைக்குப் போக வேண்டும்.
- மாற்று மருந்து உண்டு. ஃபோமெபிசோல் ஊசி, டயாலிசிஸ் ஆகியவை சீக்கிரம் கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கள்ளக்குறிச்சி சம்பவத்துக்குப் பிறகு 2024 ஜூன் கடைசியில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் தண்டனையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க அது வழி செய்கிறது. வெளிநாட்டு பர்பனைப் பொறுத்தவரை, 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் 100 சதவீதமாகக் குறைத்தது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது.

சுருக்கமாக…

வெனிலா வாசனை வருகிறதா, ஓக் தூக்கலாக இருக்கிறதா என்பதை நாக்கும் மூக்கும் சொல்லும். குடிக்கலாமா, கூடாதா என்பதை அவை சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது ஆய்வகம், லேபிள், சீல். இந்த மூன்றும் இல்லாத சரக்கு எவ்வளவு ‘நல்லா’ இருந்தாலும் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

அதோடு, சீல் இருக்கும் சரக்கும் உடம்புக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை. ஆல்கஹாலில் ‘பாதுகாப்பான அளவு’ என்று எதுவும் கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு தெரிவித்தது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.)