டிஆர்எஸ்-80 கணினிக்கான மாற்று வட்டு இயங்குதளங்கள்

டிஆர்எஸ்-80 கணினிக்கான மாற்று வட்டு இயங்குதளங்கள் என்பன, அமெரிக்காவின் டாண்டி நிறுவனம் தனது ரேடியோ ஷாக் கடைகளில் விற்ற டிஆர்எஸ்-80 வீட்டுக் கணினிகளில், அந்நிறுவனத்தின் டிஆர்எஸ்டாஸ் இயங்குதளத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தப் பிறரால் எழுதி விற்கப்பட்ட மென்பொருட்கள் ஆகும். நியூடாஸ்/80, விடிஓஎஸ், எல்டாஸ், டாஸ்பிளஸ், மல்டிடாஸ் என்பன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

பின்னணி

டிஆர்எஸ்-80 மாடல் I கணினி 1977 ஆகஸ்டில் வெளியானது. இது 1.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் சைலாக் இசட்80 செயலியையும் தொடக்கத்தில் 4 கிலோபைட் நினைவகத்தையும் கொண்டிருந்தது. நிரல்களும் தரவுகளும் ஒலிநாடாவில் சேமிக்கப்பட்டன. நாடாவிலிருந்து ஒரு நிரலை ஏற்றப் பல நிமிடங்கள் ஆகும். ஒலி அளவு சற்று மாறினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1978ல் விரிவாக்கப் பெட்டியும் ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு இயக்கியும் விற்பனைக்கு வந்தன. ஒரு வட்டில் 35 தடங்கள், தடத்துக்கு 10 பகுதிகள், பகுதிக்கு 256 பைட்டுகள் என மொத்தம் 89,600 பைட்டுகள் கொள்ளும்.

பேசிக் மொழி கணினியின் நிலை நினைவகத்திலேயே பதிக்கப்பட்டிருந்தது. வட்டு இயங்குதளம் அவ்வாறன்றி வட்டிலேயே இருந்தது. முதல் இயக்கியில் வேறொரு வட்டைச் செருகி மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தினால் வேறொரு இயங்குதளம் ஏறிவிடும். கணினியில் எதையும் கழற்றவோ மாற்றவோ தேவையில்லை. மாற்று இயங்குதளங்களுக்குச் சந்தை உருவாக இந்த எளிமையே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் டிஆர்எஸ்டாஸின் வழுக்கள். ராண்டி குக் எழுதிய இதன் தொடக்கப் பதிப்புகள் போதிய சோதனையின்றி வெளிவந்தன. கோப்புகள் சிதைவது வழக்கமான முறையீடாக இருந்தது. ஆனால் குறை முழுவதும் மென்பொருளினது அன்று. விரிவாக்கப் பெட்டியிலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் எஃப்டி1771 கட்டுப்பாட்டுச் சில்லு, வட்டிலிருந்து வரும் குறிகையில் தரவையும் கடிகாரத் துடிப்பையும் தானே பிரித்தது. இவ்வேலைக்குத் தனிச் சுற்று வைப்பதே நம்பகமான முறை. பின்னர் பிற நிறுவனங்கள் அத்தகைய சுற்றுகளை விற்றன. தன் கணக்குக் கோப்பை இழந்த ஒரு பயனருக்குப் பிழை எங்கே உள்ளது என்று கண்டறிய வழியிருக்கவில்லை.

நியூடாஸ்

கொலராடோ மாநிலம் டென்வர் நகரின் அப்பாராட் நிறுவனம், டிஆர்எஸ்டாஸின் வழுக்களைத் திருத்தி, துணை நிரல்களைச் சேர்த்து நியூடாஸை வெளியிட்டது. பிறருடைய மென்பொருளின் மீது கட்டப்பட்டதால் இதன் பதிப்புரிமை நிலை சிக்கலானது. அடுத்து 1980ல் வந்த நியூடாஸ்/80 புதிதாக எழுதப்பட்டது. 149 டாலர் என்னும் அதன் விலை அக்காலத்தில் சிறிதன்று. எனினும் தீவிரப் பயனர் பலர் இதையே நாடினர்.

ஜே, கே, எல் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையில் உள்ளது அச்சிடப்படும். டி, எஃப், ஜி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இயங்கும் நிரலை இடைநிறுத்திச் சில வட்டுக் கட்டளைகளைக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிடிரைவ் என்னும் கட்டளை ஒவ்வோர் இயக்கியின் தட எண்ணிக்கை, பக்கங்கள், பதிவடர்த்தி ஆகியவற்றைக் குறிக்க உதவியது. இதனால் 40 அல்லது 80 தடங்கள் கொண்ட இயக்கிகளையும் பயன்படுத்த முடிந்தது. டாண்டியின் மாடல் I இயங்குதளமோ 35 தடங்களோடு நின்றது. பிடிரைவைப் புரிந்துகொள்வது எளிதன்று. ஒரு மதிப்பைத் தவறாகக் கொடுத்தால் வட்டைப் படிக்க இயலாது.

இவை அனைத்திலும் பயன் மிக்கது சூப்பர்சாப் என்னும் துணை நிரல். இது வட்டின் எந்தப் பகுதியையும் பதினறும எண்களாகத் திரையில் காட்டி, பைட் பைட்டாகத் திருத்த அனுமதித்தது. கோப்பகம் சிதைந்த வட்டிலிருந்து கோப்புகளைக் கையாலேயே மீட்க முடிந்தது. அவ்வாறு மீட்க முயன்றோர் பலர் வட்டின் அமைப்பையும் கற்றுக்கொண்டனர்.

விடிஓஎஸ் முதல் எல்டாஸ் வரை

டாண்டிக்காக டிஆர்எஸ்டாஸை எழுதிய ராண்டி குக், பின்னர் விடிஓஎஸ் என்னும் தன் சொந்த இயங்குதளத்தை வெளியிட்டார். அதை அடிப்படையாகக் கொண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் லாஜிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் எல்டாஸை உருவாக்கியது.

எல்டாஸின் சிறப்பு, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி, கோப்பு ஆகிய அனைத்தையும் ஒரே வகையான சாதனங்களாகக் கருதியது ஆகும். அச்சுப்பொறிக்குச் செல்லும் வெளியீட்டை ஒரே கட்டளையால் கோப்புக்குத் திருப்பலாம். இடையில் வடிகட்டி ஒன்றை வைத்து எழுத்துகளை மாற்றலாம். கட்டளைத் தொடர்களைத் தானாக நிறைவேற்றும் பணிக்கட்டுப்பாட்டு மொழியும் இதில் இருந்தது. 48 கிலோபைட்டுக்கு மேல் நினைவகம் இல்லாத கணினியில் இவை அனைத்தும் இயங்கின.

டாண்டி தன் வன்தட்டுகளுக்கு எல்டாஸை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. 1983ல் வெளியான மாடல் 4 கணினிக்கான டிஆர்எஸ்டாஸ் 6ஐயும் லாஜிக்கல் சிஸ்டம்ஸே எழுதியது. மாற்றாகத் தொடங்கியது இவ்வாறு அதிகாரபூர்வ இயங்குதளமாயிற்று.

பிற இயங்குதளங்கள்

புளோரிடாவின் மைக்ரோ சிஸ்டம்ஸ் சாஃப்ட்வேர் வெளியிட்ட டாஸ்பிளஸும், வெர்னன் ஹெஸ்டர் எழுதிய மல்டிடாஸும் பரவலாகப் பயன்பட்டன. அக்காலத்தில் புகழ்பெற்ற சிபி/எம் மாடல் I கணினியில் நேரடியாக இயங்காது. சிபி/எம் நினைவகத்தின் தொடக்க முகவரிகளில் எழுத வேண்டும். மாடல் I கணினியிலோ அவ்விடத்தில் நிலை நினைவகம் இருந்தது.

ஒத்திசைவின்மை

ஓர் இயங்குதளம் எழுதிய வட்டை மற்றொன்று படிக்கும் என்ற உறுதி இல்லை. இரட்டை அடர்த்தி வந்தபின் கோப்பு ஒதுக்கீட்டு அலகின் அளவு ஒவ்வொன்றிலும் மாறியது. 1980ல் வந்த மாடல் III கணினியின் டிஆர்எஸ்டாஸ், மாடல் I வட்டுகளை நேரடியாக ஏற்கவில்லை. இதற்குச் சில்லும் ஒரு காரணம். எஃப்டி1771 நான்கு வகைத் தரவுக் குறிகளை எழுத வல்லது. பின்வந்த சில்லுகள் இரண்டை மட்டுமே எழுதும். மாடல் I டிஆர்எஸ்டாஸ் கோப்பகத் தடத்தில் இட்ட குறி அந்த இரண்டில் அடங்கவில்லை. அத்தகைய வட்டுகளைச் சீராக்க எல்டாஸ் ரிப்பேர் என்னும் கட்டளையை வழங்கியது.

மென்பொருள் விற்றவர்கள் எந்த இயங்குதளத்துக்கான வட்டு என்று கேட்டறிந்து அனுப்ப வேண்டியிருந்தது. பயனர் பலர் மூன்று நான்கு இயங்குதளங்களை வாங்கி வைத்திருந்தனர்.

பிற்காலம்

எல்டாஸ் கோப்பகத்தில் ஆண்டைக் குறிக்க மூன்று பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே 1980 முதல் 1987 வரையான ஆண்டுகளை மட்டுமே எழுத முடியும். 1986ல் வந்த எல்எஸ்-டாஸ் 6.3 இவ்வெல்லையை 1999 வரை நீட்டித்தது. அதற்குள் ஐபிஎம் தனி மேசைக் கணினியும் எம்எஸ்-டாஸும் சந்தையைப் பிடித்துவிட்டன. பின்னர் மிசோசிஸ் நிறுவனம் எல்டாஸின் உரிமையைப் பெற்று 5.3.1 பதிப்பை வெளியிட்டது. இவ்வியங்குதளங்களை இன்று போலிப்பி மென்பொருட்கள் வழியாக இயக்கிப் பார்க்கலாம்.