இன்ஜின் தட்டிய கதையும் ஈயம் வந்த கதையும்

அம்பாசிடரும் பியட்டும் ஓட்டிய தலைமுறைக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. மேட்டில் கியரைக் குறைக்காமல் இழுத்தால், பானெட்டுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். மெக்கானிக்குகள் அதை ‘நாக்கிங்’ என்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி டைமிங்கைச் சரிசெய்து அனுப்புவார்கள். இந்தச் சத்தத்துக்குக் காரணம் தேடிய கதை நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

கைப்பிடி சுற்றாமலே இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டர், 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அதை உருவாக்கியவர் அமெரிக்காவின் டேட்டன் நகரத்துச் சார்லஸ் கெட்டரிங். பேட்டரி இக்னிஷனும் அவர் கைவண்ணமே. அதனால், இன்ஜின் தட்டியபோது பழியும் அந்த இக்னிஷன் மேலேயே விழுந்தது. 1916இல் தம்மிடம் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இன்ஜினியரிடம் இந்தச் சிக்கலை ஒப்படைத்தார்.

சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்யும் கருவியை வைத்து மிட்ஜ்லி பார்த்தார். தீப்பொறி பாய்ந்து, எரிதல் பாதிக்கு மேல் நடந்த பிறகுதான் அழுத்தம் திடீரென எகிறியது. அதாவது, தீ வந்து சேர்வதற்குள் மூலையில் மிஞ்சிய பெட்ரோல் ஆவி, சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்தது. இக்னிஷன் மேல் குற்றமில்லை, எரிபொருளில்தான் கோளாறு. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் இதையே கண்டார்.

நோய் சரியாகத் தெரிந்துவிட்டது. மருந்தில்தான் வினை வந்தது.

பெட்ரோலில் ஆல்கஹால் கலந்தால் தட்டல் குறையும் என்று மிட்ஜ்லிக்குத் தெரியும். ஆனால் அதைக் கணிசமாகக் கலக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் காய்ச்சிவிடலாம். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 1,300 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு போதும், தட்டல் அடங்கியது. செலவு குறைவு, காப்புரிமையும் கையில். 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது.

ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கும் தெரிந்ததுதான். மிட்ஜ்லியே அதனால் உடல் கெட்டு ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலை ஒன்றில் இந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகும் அவர், நிருபர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார், ஆபத்தில்லை என்று நிரூபிக்க!

ஈயத்தின் தயவில் இன்ஜின்களின் அழுத்த விகிதம் ஏறியது. வேகக் கார்கள் பெருகின. 1965இல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, மனித உடலிலும் காற்றிலும் ஈயம் இயற்கை அளவைவிடப் பல மடங்கு ஏறிவிட்டதை எடுத்துச் சொன்னார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்பதும் உறுதியானது. நம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 1995இல்தான் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் 2000இல். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

இன்று டர்போ கார்களின் இன்ஜின் பிளாக்கில் ‘நாக் சென்சார்’ ஒன்று ஒட்டுக் கேட்டபடி இருக்கிறது. தட்டல் தொடங்கிய கணமே கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்தள்ளிவிடும். ஆனாலும் காரணங்கள் மாறவில்லை: ஆக்டேன் குறைந்த பெட்ரோல், மிஞ்சிய சூடு, பிஸ்டன் தலையில் படிந்த கரி, முந்திய டைமிங். அன்று மெக்கானிக் காதால் கேட்டுத் திருப்பியதைத்தான் இன்று சென்சார் செய்கிறது.

ஆல்கஹாலும் எத்தனால் என்ற பெயரில் நம் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. இடையில் போன எழுபது, எண்பது ஆண்டுகளில் சாலையோரம் விளையாடிய பிள்ளைகள் அந்த ஈயப் புகையைச் சுவாசித்தே வளர்ந்தார்கள்.