ஹெர்னியா: தையல் முதல் மெஷ் வரை

நம் காலை நடைக் குழுவில் யாருக்காவது ஹெர்னியா என்றால், "மெஷ் வெச்சாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த மெஷ் வருவதற்கு முன் டாக்டர்கள் பட்ட பாடு பெரிய கதை.

19ஆம் நூற்றாண்டில் தொடையிடுக்கில் குடல் இறங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இடுப்பில் இறுக்கிக் கட்டும் பட்டைதான் கதி. கத்தி வைத்தால் சீழ் பிடித்து உயிரே போகலாம். 1867இல் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்ட பிறகு உயிர் பிழைத்தார்கள். ஆனால் குடல் மறுபடி இறங்கியது.

அதே 1867இல், ரோம் அருகே வில்லா குளோரி சண்டையில், எதுவார்தோ பஸ்ஸினி என்ற இளம் டாக்டருக்கு அடிவயிற்றில் பயோனெட் குத்து விழுந்தது. பிழைத்துக்கொண்ட அவர், பின்னாளில் பதுவா நகரில் அதே பகுதியின் சுவரை அடுக்கடுக்காகத் தைத்துச் சரிசெய்யும் முறையைக் கண்டார். 1890இல் 262 அறுவைகளின் கணக்கை வெளியிட்டார். மீண்டும் வந்தவை பத்துக்கும் குறைவு. வீட்டுக்குப் போன நோயாளியைப் பிறகும் தேடிப் பார்த்துக் குறித்து வைத்தாரே, எனக்கு அதுதான் அவருடைய பெரிய சாதனை.

மற்றவர்கள் அவர் முறையைச் சுருக்கிச் செய்தார்கள், பலன் குறைந்தது. அடுக்குத் தையலை டொராண்டோவில் ஷோல்டைஸ் மீட்டெடுத்தார். இருந்தாலும் தளர்ந்த தசையை இழுத்துத் தைத்தால் இழுவிசை இருக்கத்தானே செய்யும்? 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். 1980களில் லாஸ் ஏஞ்சல்ஸின் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் வலையை வைத்துத் தைப்பதை வழக்கமாக்கினார். திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் இன்னொரு தொல்லை முன்னுக்கு வந்தது: நீடித்த வலி. அங்கே ஓடும் நரம்புகள் தையலிலோ தழும்பிலோ சிக்கலாம். சுமார் பத்தில் ஒருவருக்கு, மூன்று மாதம் கடந்தும் தொந்தரவு தரும் அளவுக்கு வலி இருக்கிறது. மெஷ்ஷில் கிருமி தொற்றுவது அரிது. தொற்றினால் சில சமயம் எடுத்தே ஆகவேண்டும். நீர் கோத்தல், ரத்தக்கட்டு, சிறுநீர் அடைப்பு எல்லாம் பெரும்பாலும் சில நாள், சில வாரத்தில் சரியாகிவிடும்.

அப்படியானால் தொந்தரவில்லாத ஹெர்னியாவை உடனே தொட வேண்டுமா? 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 720 ஆண்களில் ஒரு பாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். குடல் சிக்கி அவசரமானது மிக அரிது. ஆனால் பத்தாண்டில் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவைக்கே வந்தார்கள். பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அதிகம் வரும் தொடை ஹெர்னியாவில் குடல் சிக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், டாக்டர்கள் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வதில்லை.